கிணற்றுக்கு என்ன நட்சத்திரம்

அப்பா சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைப்பார்கள். போர்னியோவில், மீரியில், எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவில், பம்பு லோரிகளின் இரைச்சலில் வேலை செய்து அவருக்குக் காது பாதி மந்தமாகியிருந்தது. மலாக்காவில், காஜா பெராங்கில் எங்களுடையது பலகை வீடு. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் இடையில் விரல் நுழையும். அந்த முறை விடுமுறையில் வந்த மறுநாள் காலை அவர் கோப்பி கேட்டதற்கே, வேலிக்கு அந்தப் பக்கத்துச் செட்டிப் பெண்மணி எட்டிப் பார்த்து, "என்ன சண்டை?" என்று மலாயில் விசாரித்தார். மலாக்காச் செட்டிகளுக்கு எங்கள் சாமி தெரியும், எங்கள் திருவிழா தெரியும், தமிழ் மட்டும் தெரியாது.

"சண்டை இல்லை, கோப்பி கேட்கிறார்" என்றேன்.

"அவ்வளவு தூரத்திலிருந்தா?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அம்மாவுக்குக் கைநாட்டு. அப்பாவுக்குத் தன் பெயரை எழுத வரும், சில நாள் கடைசி எழுத்து விட்டுப்போகும். நான் தமிழ்ப்பள்ளியை முடித்து, நகரத்து ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புவரை வந்திருந்தேன். வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் என் கைக்குத்தான் முதலில் வரும். அரிசிக்கடைக்காரர் ஏதாவது சொன்னால்கூட அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்த அந்த வீட்டுக்கு நான்தான் தலைவி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது தப்பான நினைப்பும் அல்ல.

அப்பா ஜப்பான்காரன் போனதும் கப்பல் ஏறியவர். சிங்கப்பூர் வழியாகப் போர்னியோவுக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறை, வந்தால் ஒரு மாதம் போல இருப்பார். அவரை எனக்குப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். தெரியாது, அவ்வளவுதான். அவர் கிளம்பிப் போன பிறகு தலையணை உறையில் மண்ணெண்ணெய் வாடை கொஞ்ச நாள் இருக்கும். மற்ற துணிகளையெல்லாம் துவைக்கிற அம்மா அந்த உறையை மட்டும் துவைக்காமல் வைத்திருப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

மெர்டேக்கா வரப்போகிறது, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று கடைக்குக் கடை பேச்சாக இருந்த காலம் அது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "கிழடு தட்டிப்போச்சு" என்றார்.

"யாருக்கு?" என்றாள் அம்மா.

"கிணத்துக்கு."

அவர் வேலை செய்த இடத்துக் கிணறுகள் அவர் பிறப்பதற்கு முன்பே தோண்டியவை. ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய எண்ணெய் பிறகு பம்பு வைத்து இறைக்கிற நிலைக்கு வந்து, இப்போது அந்தப் பம்பு நாள் முழுக்கத் தலையாட்டினாலும் தண்ணீர்தான் அதிகம் வருகிறது. மூடிவிடலாம் என்று கம்பெனி நினைத்தபோது அமெரிக்காவிலிருந்து புது முறை ஒன்று வந்திருக்கிறது. கெட்டியான எண்ணெயில் மணலைக் கலந்து, பெரிய பம்புகளை வைத்து, கிணற்றுக்குள் முழு பலத்தோடு அழுத்துவது. அடியில் பாறை பிளக்கும். பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கிற எண்ணெய் அந்தப் பிளவு வழியாகக் கிணற்றுக்கு வரும். முதலில் பதினேழாம் நம்பர் கிணற்றில் செய்து பார்க்கப்போகிறார்கள். மணல் கலக்குகிற ஆட்களின் செட்டில் அப்பா இருந்தார்.

"கிணத்துல மண்ணையா போடப்போறீங்க?" என்றாள் அம்மா. கிணற்றைத் தூர்த்தவன் வம்சம் தூர்ந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"மண்ணு இல்ல புள்ள, மணலு."

"எல்லாம் ஒண்ணுதான்."

"பதினேழு பிடிச்சுக்கிச்சுன்னா ஒவ்வொண்ணா மத்த கிணத்துக்கும் போடுவோம். இன்னும் பத்து வருஷத்துக்கு வேலை இருக்கு."

"பிடிக்கலைன்னா?"

"செட்டைக் கலைச்சுடுவான். பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துட வேண்டியதுதான்."

அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். "வந்துடுவீங்களா?"

"வேற எங்க போவேன்?"

"ஒரேயடியாவா?"

"ஒரேயடியாத்தான்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "நான் வந்து உக்காந்ததும் முதல் வேலை தாயிக்கு மாப்பிள்ளை பாக்கிறதுதான். படிச்சது போதும்" என்றார். அவருக்கு அது கொஞ்சல். வேலிக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி என் வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நான் எழுந்து கை கழுவப் போகும்போதே எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. கிணறு பிடித்தால் அப்பா அங்கே. பிடிக்காவிட்டால் இங்கே. அம்மாவுக்கு அவர் இங்கே வேண்டும். எனக்கு அவர் அங்கேயே இருக்க வேண்டும். அப்படி நினைத்தபோது எனக்கு வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. கணக்கில் விடை வந்தது போல இருந்தது.

பாறை எப்படிப் பிளக்கும் என்று நான்தான் கேட்டேன். படித்தவள் என்பதால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வீறாப்பு. அப்பா அடுக்களையைச் சுற்றிப் பார்த்தார். அவருக்காக அம்மா கடற்பாசி அகர்-அகர் காய்ச்சி, பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி உறைய வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் சேர்க்காதது, தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"உன் பேனாவுக்கு மை ஊத்துற குழாய் இருக்கா?"

கொண்டுவந்தேன். கண்ணாடிக் குழாய், தலையில் ரப்பர் குமிழ். அப்பா அதில் சிவப்பு மையை உறிஞ்சி, அகர்-அகருக்குள் நேராக இறக்கி, குமிழை அழுத்தினார். மை உள்ளே போகவில்லை. குழாயை ஒட்டியபடியே மேலே வந்து கிண்ணத்தில் பரவியது.

"ஐயோ, திங்கிற பொருள்ல மையை ஊத்துறாரு பாரு" என்றாள் அம்மா.

"சும்மா இரு. இப்படித்தான் அங்கேயும். ஓரத்தை அடைக்கலைன்னா எல்லாம் மேல ஏறி வந்துடும்." சப்பாத்திக்குப் பிசைந்திருந்த மாவில் ஒரு துண்டு கிள்ளி, குழாயைச் சுற்றி அப்பி, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுபடி குமிழை அழுத்தினார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய கட்டைவிரல் நகம் வெளுத்தது. திடீரென்று உள்ளே சிவப்பாக ஒரு இலை விரிந்தது. வெற்றிலையை நிமிர்த்தி வைத்தது போல, மெல்லியதாக, குழாய்க்கு இரண்டு பக்கமும்.

நாங்கள் மூவரும் கிண்ணத்தைப் பார்த்தோம்.

"மேல ஒரு கடிகாரம் மாதிரி வச்சிருப்பான். அழுத்த அழுத்த முள்ளு ஏறிக்கிட்டே போகும். துரை அதையே பாத்துக்கிட்டு நிப்பான். திடீர்னு முள்ளு விழும். விழுந்தா பாறை விட்டுக்கொடுத்துடுச்சுன்னு அர்த்தம்." குமிழிலிருந்து விரலை எடுத்தார். இலை சுருங்கி, மையில் பாதி குழாய்க்குள்ளேயே திரும்பியது. உள்ளே ஒரு கீறல்தான் மிஞ்சியது. "பாத்தியா, கையை எடுத்ததும் மூடிக்கிச்சு. அதுக்குத்தான் மணலு. பிளந்த இடத்துல மணலு போய் நின்னுக்கும். அழுத்தம் போனாலும் பாறையால மூட முடியாது."

"அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத்தான் போகும். அப்புறம் ஏன் ரெண்டு பக்கம் மட்டும் பிளக்குது?" என்று கேட்டேன். பௌதிக வகுப்பில் படித்திருந்தேன்.

"எந்தப் பக்கம் பலம் கம்மியோ அந்தப் பக்கம்" என்றார் அப்பா. சரியாகத்தான் இருந்தது. நான் நோட்டில் படம் வரைந்து அம்புக்குறிகள் போட்டுக் காட்டினேன். அவர் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அப்படியே இருக்கு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு நேராகத் திருப்பினார். தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

"எத்தனை தடவை பிளப்பீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"கொஞ்ச நாள் நல்லா வரும். அப்புறம் குறையும். குறைஞ்சா மறுபடி."

"அதுக்கு வலிக்காதா?"

"பாறைக்கா?" அப்பா உரக்கச் சிரித்தார். மை படாத பக்கத்தை வெட்டிச் சாப்பிட்டார். மீதியை அம்மா வாழை மரத்தடியில் கொட்டினாள்.

கிளம்புகிற அன்று, பஸ் நிற்கிற முனைவரை நாங்கள் போனோம். பம்பு செய்கிற நாள் முடிவாகியிருந்தது, ஒரு வெள்ளிக்கிழமை. "நாங்க அங்க லோரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சிடுவோம். எங்க செட்டை நடத்துற மண்டோர், துரைகிட்ட அனுமதி வாங்கிட்டாரு. நீ இங்க அம்மன் கோயில்ல கிணத்துக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடு. எனக்கு வேண்டாம், கிணத்துக்கு" என்று அம்மாவிடம் சொன்னார்.

"சரி" என்றாள்.

பஸ் போன பிறகு திரும்பி நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் புத்தக அலமாரியில் மேல் இரண்டு தட்டுகளைக் காலிசெய்து, புத்தகங்களைக் கீழே ஒரு பெட்டியில் அடுக்கினாள்.

"எதுக்கும்மா?"

"அப்பா வந்தா அவரு துணிமணிக்கு எடம் வேணாமா?"

வந்தால் என்றுதான் சொன்னாள். ஆனாலும் துடைத்து, பழைய செய்தித்தாள் விரித்து, மூலையில் பூச்சி உருண்டைகூடப் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்குப் போகும் வழியில் அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். சீருடையில் இருந்தேன். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை. குருக்கள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார்.

"கிணத்துக்கு, சாமி."

குருக்கள் கண்ணைத் திறந்தார். "வீட்டுக் கிணறா?"

"மீரியில, எண்ணெய்க் கிணறு. பதினேழாம் நம்பரு."

"கிணத்துக்கு யாரும்மா அர்ச்சனை பண்ணுவா? காருக்குப் பண்ணுவா, கடைக்குப் பண்ணுவா." பிறகு அவரே, "சரி, அதுவும் பிழைப்புதானே. நட்சத்திரம் சொல்லு" என்றார்.

எங்களுக்கு இது தோன்றவே இல்லை. அர்ச்சனை என்றால் நட்சத்திரம் வேண்டும். கிணற்றுக்கு என்ன நட்சத்திரம்? தோண்டிய நாள் யாருக்குத் தெரியும்? அப்பாவுடையதைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுத்தேன்.

"மூலம்" என்றாள் அம்மா.

மூலம் அவளுடைய நட்சத்திரம். பெண் மூலம் நிர்மூலம் என்று ஒரு பேச்சு உண்டு. மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் போகிற வீட்டில் மாமனார் நிலைக்க மாட்டார் என்பார்கள். அம்மா கல்யாணமாகி வந்த வருஷமே அப்பாவைப் பெற்றவர் காய்ச்சலில் போய்விட்டார். அதிலிருந்து அப்பா வீட்டுச் சொந்தங்கள் யாரும் அவள் கையால் எதையும் ஆரம்பித்து வைத்ததில்லை. கல்யாண வீட்டில் அம்மி மிதிக்கிற நேரம் அவளை அடுக்களைக்கு அனுப்பிவிடுவார்கள். அவளும் கேட்காமலே போய்விடுவாள். புது வீட்டில் பால் காய்ச்சினால் கடைசியாக உள்ளே போவாள். தன் நட்சத்திரத்தை அவள் வாயால் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. எங்கள் குடும்ப அர்ச்சனையில்கூட அப்பாவுடையதும் என்னுடையதும்தான்.

"மூலமா? நிச்சயமா?" என்றார் குருக்கள்.

"என்னுதுதான். அதையே போடுங்க."

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு மந்திரத்தைத் தொடங்கினார். மூல நட்சத்திரத்தையும் பதினேழாம் நம்பரையும் சேர்த்து அவர் சமஸ்கிருதத்தில் சொன்னபோது இன்னொரு நாளாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அம்மா கைகூப்பி நின்றாள். அவள் எதற்கு அந்த நட்சத்திரத்தைக் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும். நான் அவள் பக்கத்தில் நின்று கிணறு பொங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரே தட்டு, ஒரே தேங்காய்.

தேங்காய் நேர்ப்பாதியாக உடைந்தது. "நன்னா உடைஞ்சிருக்கு, அம்மா" என்றார் குருக்கள். அம்மா இரண்டு மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் பள்ளிக்குப் போனேன். அன்று மாலை அவள் அப்பாவுக்குக் கடிதம் சொல்லச் சொல்ல எழுதினேன். நலம், இங்கே மழை, கோழி நான்கு குஞ்சு பொரித்தது. கடைசியில், "அர்ச்சனை பண்ணியாச்சு. என் நட்சத்திரத்துலதான் பண்ணேன்" என்றாள்.

பேனா நின்றது. "இதை எழுதணுமா அம்மா?"

"எழுது."

"அப்பா என்ன நினைப்பாரு?"

"தெரியட்டும்னுதான் சொல்றேன். எழுது."

எழுதினேன். அவளுடைய கோபத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் குரலில் இல்லை. அவள் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காம்பாக எடுத்து, ஒரே மாதிரி.

கடிதம் போய்ச் சேர்வதற்கு முன் தந்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "படிக்கிற பொண்ணு எங்கே?" என்று கேட்டு என்னிடமே கொடுத்தார். கிணறு நன்றாக இருக்கிறது, வேலை தொடர்கிறது என்று நான்கைந்து சொற்கள். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொன்னாலும் அதுதான் செய்தி. நான் உள்ளதைச் சொன்னேன்.

"பிடிச்சுக்கிச்சு. அப்பா அங்கேயே இருக்காரு."

"சரி" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். நான் கேட்டதுதான் கிடைத்திருந்தது. தந்தியை மடித்து அலமாரியின் மேல் வைத்தேன். வாசலில் தபால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். வெயிலாக இருந்தது.

நான் குளித்துவிட்டு வந்தபோது அம்மா என் புத்தகங்களைத் தட்டில் திரும்ப அடுக்கியிருந்தாள். பூச்சி உருண்டையை எடுத்துவிட்டிருந்தாள். படிக்கத் தெரியாததால் பல புத்தகங்கள் தலைகீழாக நின்றன. ரொம்ப நேர்த்தியாக, முதுகெல்லாம் ஒரு கோட்டில். நான் அவற்றைத் திருப்பவில்லை. தேர்வு வரைக்கும் தேவைப்பட்டபோது ஒவ்வொன்றாக எடுத்து, படித்து, அதேபோலத் தலைகீழாகவே வைத்தேன்.

பயிற்சிக்கு விண்ணப்பித்தேன், கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிற முதல் பெண் நான். அம்மா தெருவில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. செட்டிப் பெண்மணியிடம் மட்டும் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். அவர் ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பினார்.

மெர்டேக்கா முடிந்து, கடைகளில் கட்டிய கொடிகள் வெயிலில் வெளுத்துப்போன பிறகுதான் அப்பா அடுத்த விடுமுறைக்கு வந்தார். காது இன்னும் மந்தமாகியிருந்தது. வாசலில் பெட்டியை வைத்ததும், தெருவே கேட்கிற மாதிரி, "எங்க அந்த ராசிக்காரி?" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"மூலமாம் மூலம்! எவன் சொன்னான் ஆகாதுன்னு? பதினேழு எப்படி வந்துச்சு தெரியுமா? முள்ளு ஏறி ஏறி நிக்குது, துரை போதும்கிறான், மண்டோர் இன்னும் கொஞ்சம்கிறாரு. டப்புன்னு விழுந்துச்சு பாரு! உன் கடுதாசி வந்ததும் செட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டச் சொன்னேன். இப்ப என்ன சொல்றானுங்க தெரியுமா? அடுத்த கிணத்துக்கும் அக்கா நட்சத்திரத்துலதான் அர்ச்சனை பண்ணணும்னு." அவர் சொந்தங்கள் இருவர் அவரைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களிடமும் சொன்னார். அவர்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அதில் மூத்தவர், தன் மகனுக்குக் கடை திறக்கப்போவதாகவும், அம்மா வந்து விளக்கேற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

"வரேன்" என்றாள் அம்மா. அடுக்களைக்குப் போய்க் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

நான் பின்னால் போனேன். "சந்தோஷம்தானே அம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"இனிமே எத்தனை கிணறு பாக்கி?" என்றாள்.

"நிறைய இருக்கும்போல."

"ம்."

என் கல்யாணத்தைப் பற்றி அப்பா அந்த முறை பேசவே இல்லை. அடுத்து எந்தக் கிணறு, அதில் பாறை எவ்வளவு கெட்டி என்பதுதான் பேச்சாக இருந்தது. அவர் கிளம்பிய அன்றே அம்மா தலையணை உறையைக் கழற்றி, மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். பயிற்சி இல்லாத நாள், நான் வீட்டில் இருந்தேன். அவள் அதை உதறிய சத்தம் எனக்குக் கேட்டது.

இப்போதும் மீரியிலிருந்து கடிதம் வருகிறது, அப்பா சொல்லி யாரோ எழுதுவது. இன்ன நம்பர் கிணறு, இன்ன வெள்ளிக்கிழமை. நான் படித்துச் சொல்வேன். அம்மா நம்பரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். சில கிணறுகள் வருகின்றன, சில வருவதில்லை. வராதவற்றுக்கு யாரும் நட்சத்திரத்தைக் குறை சொல்வதில்லை. பதினேழுக்கே இரண்டாம் முறையும் அழுத்தியாகிவிட்டது. மூன்றாம் முறைக்கான கடிதம் போன வாரம் வந்தது.

இந்த வெள்ளிக்கிழமையும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அம்மாவோடு நடந்தேன். இப்போது நான் சீருடையில் இல்லை, சேலையில் போகிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வழியில் வணக்கம் சொன்னார்கள். கோயிலில் கூட்டம் இல்லை. குருக்கள் தட்டை வாங்கி, "என்ன நம்பர்?" என்று மட்டும் கேட்டார். நட்சத்திரம் அவருக்குத் தெரியும்.